எதுவரைக்கும் வருது?

டீசல் இஞ்சின் ஒன்று கிளம்ப மறுக்கும்போது அதன் முன்னால் நின்று இரண்டு கேள்விகள் கேட்கலாம். 'யார் இதைக் கெடுத்தது?' என்பது ஒன்று. 'டீசல் எதுவரைக்கும் வருது?' என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு நொடியில் பதில் கிடைத்துவிடும். சுற்றி நிற்பவர்களில் யார் சின்னவரோ, யார் கடைசியாக அந்த வண்டியைத் தொட்டாரோ, அவர்தான். இரண்டாவது கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால் ஸ்பேனர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், கையிலிருந்து போகாத டீசல் நாற்றத்தோடு இரண்டு நாள் சாப்பிடத் தயாராக இருக்கவேண்டும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இங்கே யோசிக்க விரும்புகிறேன். ஒன்றின் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதும் ஒரே வேலையா? காரணம் முழுக்கத் தெரிந்துவிட்டால் குற்றம் கரைந்துவிடுமா? நான் மென்பொருள் எழுதுகிறவன். எது ஏன் ஓடவில்லை என்று தேடுவதுதான் என் பிழைப்பில் பாதி. இருந்தும் இந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் பிடிபட்டது ஒரு வயல் வரப்பில்.

1

தொண்டூர், செஞ்சி வட்டாரத்தில் பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். நெல், மல்லாட்டை, கரும்பு. நான் பார்த்தது ஒரு தை மாதக் காலை. நவரைப் பட்டத்து நடவு. சேடை ஓட்ட வேண்டிய டிராக்டர் வயலோரம் நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் இஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. வரப்பின்மேல் நடவுக்கு வந்த பெண்கள் பன்னிரண்டு பேர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேடை ஓட்டினால்தான் அவர்கள் இறங்க முடியும். இறங்கினால்தான் கூலி.

வண்டிக்காரர் டிரைவர் பையனைத் திட்டிக்கொண்டிருந்தார். "நேத்து டேங்க் காலி ஆவுற வரிக்கும் ஓட்டிட்டு வந்து நிறுத்தினா எப்பிட்றா எடுக்கும்? இன்னிக்கு ஆள் கூலிய யாரு குடுக்கறது?" பையன் பேசவில்லை. இருபது வயது இருக்கும். டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து இறங்கிய மெக்கானிக் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே பையைத் திறந்தார். "அத்த அப்பறம் பேசிக்கலாம்ணா. மொதல்ல டீசல் எதுவரிக்கும் வருதுன்னு பாக்கலாம்."

அவர் என்ன செய்தார் என்று சொல்வதற்கு முன்னால், அந்த இஞ்சினுக்குள் என்ன நடக்கவேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இஞ்சினில் இருப்பதுபோல டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதைப் பதினேழு பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. சரியாக அந்தத் தருணத்தில் நாசில் வழியாக ஒரு மழைத்துளி அளவு டீசல் புகைபோலப் பீச்சப்படுகிறது, தானாகவே பற்றிக்கொள்கிறது. நாசில் திறக்கவேண்டும் என்றால் இந்த வகை டிராக்டர்களில் ஏறத்தாழ 200 பார் அழுத்தம் தேவை. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும்.

இந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப் ஓர் எளிய நம்பிக்கையில் இயங்குகிறது. டீசல் திரவம், நசுங்காது. ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் வந்தே தீரவேண்டும். நடுவில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தால் அந்த நம்பிக்கை உடைந்துபோகிறது. பம்ப் தள்ளுகிறது, குமிழ் நசுங்குகிறது. பம்ப் விடுகிறது, குமிழ் விரிகிறது. நாசில் திறப்பதே இல்லை. எல்லாப் பாகமும் சரியாக வேலை செய்யும், எதுவும் நடக்காது. இதைத்தான் 'ஏர் புடிச்சிருக்கு' என்கிறார்கள்.

மெக்கானிக் முதலில் கேட்டது, செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருகிறதா என்று. வெள்ளையாகப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் இல்லை என்று அர்த்தம். புகையே இல்லை. ஆகவே டீசல் சிலிண்டருக்கு வரவில்லை. எங்கே நின்றது? டேங்க் மூடியைத் திறந்தார். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. துளை சரியாக இருந்தது. அடியில் ஒரு சாண் டீசல் இருந்தது. ஆக, பையன் டேங்கைக் காலி செய்துவிடவில்லை. பிறகு நேராக நடுவுக்குப் போனார். ஃபில்டர் தலையிலிருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள கைப்பிடியை அடிக்கச் சொன்னார். பையன் அடித்தான். நுரை வந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு 'பைசெக்ட்' என்று பெயர். ஆயிரம் மாற்றங்களில் எது பிழையைக் கொண்டுவந்தது என்று தெரியாதபோது நடுவில் ஒன்றை எடுத்துச் சோதிப்போம். அங்கே சரியாக ஓடினால் அதற்கு முந்தைய பாதி முழுக்க நிரபராதி. இந்தக் கட்டுப்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் நியாயம். ஒவ்வொரு சோதனையும் யாரையாவது சந்தேகத்திலிருந்து விடுவிக்கிறது.

நுரை நிற்கவேயில்லை. வழக்கமாகக் கொஞ்ச நேரம் அடித்தால் நுரை குறைந்து, குமிழில்லாத டீசல் வரும். அப்போது ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். இங்கே அடிக்க அடிக்கக் காற்று வந்துகொண்டே இருந்தது. அப்படியென்றால் எங்கேயோ புதிதாகக் காற்று நுழைகிறது. அவர் ஒரு பழைய கேனில் டீசல் பிடித்து, உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக அதை நேரே ஃபீட் பம்புக்குக் கொடுத்தார். திரும்ப அடித்ததும் நுரை அடங்கியது. பம்ப், ஃபில்டர், நாசில் எல்லாம் விடுதலை. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே இருக்கிற இரண்டடி ரப்பர் ஹோஸில். கழற்றி வளைத்துக் காட்டினார். கிளிப்புக்கு அடியில் முடிபோல ஒரு வெடிப்பு.

ஹோஸ் மாற்றி, ஏர் எடுத்து, நாசில் நட்டுகளைத் தளர்த்தி டீசல் பீச்சுவதைப் பார்த்து முடுக்கினார். (பழைய இஞ்சின்களில்தான் இது. ஆயிரம் பாரைத் தாண்டும் காமன் ரெயில் இஞ்சினில் நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும்.) வண்டி எடுத்துக்கொண்டது. பதினொன்றரை மணிக்குச் சேடை ஓடியது. பெண்களுக்கு அரை நாள் போனது போனதுதான். வண்டிக்காரர் பையனிடம் எதுவும் சொல்லவில்லை. காலையில் அவர் வழங்கிய தீர்ப்பு திரும்பப் பெறப்படவில்லை. வெடித்த ஹோஸ் வரப்பில் கிடந்தது.

2

அந்த வெடிப்பில் ஒரு சொட்டு டீசல்கூடக் கசிந்திருக்கவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

ஃபீட் பம்புக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தள்ளும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வரும். நனையும், வழியும், புழுதி ஒட்டிக்கொள்ளும். யார் பார்த்தாலும் தெரியும். பம்புக்கு இந்தப் பக்கம் இழுக்கும் பக்கம். இங்கே ஓட்டை விழுந்தால் வெளியே எதுவும் வராது. காற்று உள்ளே போகும். அந்த ஓட்டை சொட்டுவதில்லை, மூச்சு விடுகிறது. ஆகவே ஈரமான இடத்தைத் தேடுகிறவன் இழுக்கும் பக்கத்துக் கோளாறை ஒருநாளும் கண்டுபிடிக்கமாட்டான். அதன் விளைவு நாலடி தள்ளி, வேறொரு பாகத்தில் தெரியும்.

எந்த அமைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகம், ஒரு மருத்துவமனை, ஒரு வீடு. கோளாறு கண்ணுக்குத் தெரிவது எப்போதும் தள்ளும் பக்கத்தில்தான். கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், கடைசியாக 'என்டர்' தட்டிய ஜூனியர். அவர்கள் இருக்கும் இடம் நனைந்திருக்கிறது. காற்று நுழைந்த இடம் மேலே எங்கேயோ காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

ஆனால் நான் நேர்மையாக இருக்கவேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். வண்டிக்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. டேங்க் நிறைய இருந்திருந்தால் டீசலின் எடையே அந்த ஹோஸை அழுத்தி நிரப்பி வைத்திருக்கும். வெடிப்பில் காற்று நுழைந்திருக்காது. அதற்குப் பதில் நாலு சொட்டுக் கசிந்திருக்கும், யாராவது கவனித்திருப்பார்கள். டேங்க் காலியாகவில்லைதான், ஆனால் குறைவாக இருந்தது. குறைவான டீசல், வெடித்த ஹோஸ், ராத்திரி முழுக்க நின்ற வண்டி. மூன்றும் சேர்ந்துதான் காலையில் இஞ்சின் எடுக்கவில்லை. ஹோஸ் மட்டும்தான் காரணம் என்று எந்த உரிமையில் சொல்கிறோம்?

3

இதே கேள்வியை ஆர். ஜி. காலிங்வுட் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1940இல் வெளிவந்த தன் நூலொன்றில் ஒரு காரை வைத்துக் கேட்கிறார். செங்குத்தான ஏற்றத்தில் கார் நின்றுவிடுகிறது. வழிப்போக்கர் ஒருவர் வந்து காரணம் சொல்கிறார்: மலை உச்சி பூமியின் மையத்திலிருந்து அதிக தூரத்தில் இருக்கிறது, ஏறுவதற்கு அதிக விசை தேவை. சொன்னது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு காரோட்டி என்ன செய்வார்? பிறகு மோட்டார் சங்கத்து ஆள் வந்து மூடியைத் திறந்து, கழன்று கிடக்கும் ஒரு கம்பியைத் தூக்கிக் காட்டுகிறார். ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்றால் ஏன் இரண்டாவதை மட்டும் காரணம் என்கிறோம்? கம்பியை நம்மால் மாட்டமுடியும், மலையைத் தள்ளி வைக்க முடியாது. நடைமுறையில் காரணம் என்று நாம் சொல்வது, நிகழ்வுக்குத் தேவையான பல நிபந்தனைகளில் நம் கை எட்டக்கூடிய ஒன்றை. காலிங்வுட் இதைக் கைப்பிடியோடு ஒப்பிடுகிறார்.

அவரே இன்னோர் உதாரணமும் தருகிறார். திருப்பத்தில் ஒரு கார் வழுக்கிக் கவிழ்கிறது. ஓட்டுநருக்குக் காரணம், வேகமாகத் திருப்பியது. சாலைப் பொறியாளருக்குக் காரணம், சரியில்லாத சாலை. கார் தயாரிப்பாளருக்குக் காரணம், வண்டியின் வடிவமைப்பு. மூன்று பேருக்கும் மூன்று காரணம், ஏனென்றால் மூன்று பேருடைய கையும் எட்டுவது மூன்று வேறு இடங்களில்.

இந்தப் பட்டியலைப் பல தடவை படித்த பிறகுதான் அதிலுள்ள ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. அதில் ஒவ்வொருவரும் காரணமாகச் சொல்வது தன் கையிலிருப்பதை. ஓட்டுநர் தன் வேகத்தைச் சொல்கிறார், பொறியாளர் தன் சாலையைச் சொல்கிறார். நம்முடைய ஊரில் இது அப்படியே தலைகீழாக நடக்கும். ஓட்டுநர் சாலையைச் சொல்வார், பொறியாளர் ஓட்டுநரைச் சொல்வார், கம்பெனிக்காரர் இரண்டு பேரையும் சொல்வார். காரணம் என்ற சொல் அங்கேதான் நிறம் மாறுகிறது. தன் கை எட்டும் பொருளைக் காரணம் என்பவன் ரிப்பேர் செய்கிறான். தன் கை எட்டும் மனிதனைக் காரணம் என்பவன் அடிக்கிறான்.

தொண்டூரில் மெக்கானிக்கின் கை ஹோஸ்வரைக்கும் எட்டியது. வண்டிக்காரரின் கை பையன்வரைக்கும் எட்டியது. பையனின் கை எங்கே எட்டும்? புது ஹோஸ் வாங்கிப் போடலாம் என்று முடிவெடுக்கிற இடம்வரைக்கும் அது நீளாது. வரப்பில் உட்கார்ந்திருந்த பெண்களின் கை இவர்கள் யார்வரைக்கும் நீளாது. காரணம் என்பது கை எட்டும் இடம் என்றால், யாருடைய கைக்கு எவ்வளவு நீளம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அது அதிகாரம் பற்றிய கேள்வி.

4

அப்படியானால் பழியையே விலக்கிவிடலாமே? சில துறைகள் அதை முயன்றிருக்கின்றன. பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு 1951இல் ஏற்கப்பட்டது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, பழியையோ சட்டப் பொறுப்பையோ பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலையில்லை என்று அது சொல்கிறது. காரணம் எளிது. தண்டனை காத்திருக்கிறது என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். உண்மை வராவிட்டால் அடுத்த விமானமும் விழும்.

இந்த ஒழுக்கம் எவ்வளவு கடினமானது என்பதை 2025இல் பார்த்தோம். ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து, விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து வந்த முதல்நிலை அறிக்கை கிட்டத்தட்ட மெக்கானிக்கின் கேள்விக்குப் பதில்போல இருந்தது: எரிபொருள் எதுவரைக்கும் வந்தது? விமானம் எழும்பிய சில நொடிகளில், இரண்டு இஞ்சின்களுக்கும் எரிபொருள் விடும் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் அடுத்தடுத்து நிறுத்த நிலைக்கு மாறியிருந்தன. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னது பதிவாகியிருந்தது. கேட்டது யார், சொன்னது யார் என்று அறிக்கை சொல்லவில்லை. ஏன் மாறியது என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் உலகம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். 'எதுவரைக்கும்' என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை 'யார்' என்ற கேள்விக்கான பதிலாக மாற்றிக்கொள்ள ஒரு நாள்கூட ஆகவில்லை.

மென்பொருள் துறைக்கும் இந்த வழக்கம் வந்தது. 2012இல் எட்ஸி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம் பற்றி எழுதினார். கூகுளின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. சர்வர் விழுந்தால் யார் விழவைத்தது என்று கேட்காதே; விழும்படி எந்த ஏற்பாடு இருந்தது என்று கேள். நான் வேலைசெய்த இடங்களில் இது உண்மையிலேயே நடந்து பார்த்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு, "நான்தான் அந்த கமாண்டை ஓட்டினேன்" என்று ஒரு ஜூனியர் பயமில்லாமல் சொல்வது ஒரு நாகரிகத்தின் அடையாளம் என்றே நினைக்கிறேன். அவள் சொன்னதால்தான் பத்து நிமிடத்தில் சரிசெய்ய முடிந்தது.

ஆனால் அந்த அறிக்கைகளின் மொழியைக் கவனித்திருக்கிறீர்களா? 'கான்ஃபிகரேஷன் மாற்றப்பட்டது.' 'எச்சரிக்கை தவறவிடப்பட்டது.' 'சோதனைக் கட்டம் சுருக்கப்பட்டது.' எல்லாம் செயப்பாட்டுவினை. முதல் வாக்கியத்தில் செய்தவரை மறைப்பது கருணை. மூன்றாவது வாக்கியம் அப்படியா? சோதனைக் கட்டத்தைச் சுருக்கச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். பண்டிகைக்குள் வெளியிட்டாக வேண்டும் என்று தேதி குறித்தவர் அவர். ஜூனியரைக் காப்பதற்காகப் பிடித்த குடைக்குள் அவரும் நனையாமல் நடந்து போய்விடுகிறார். அப்ரைசல் மாதம் வரும்போது குடை மடக்கப்படுகிறது. அந்த ஜூனியரின் பெயர் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. தேதி குறித்தவருக்குப் பதவி உயர்வு.

ஆகவே, பழியை அடியோடு நீக்குவது எனக்குப் போதுமான பதிலாகத் தெரியவில்லை. அது இழுக்கும் பக்கத்துக்கு இன்னும் வசதியான ஏற்பாடாகிவிடுகிறது.

5

தொண்டூரின் குன்று ஒன்றில் சமணத் துறவிகளுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இருக்கின்றன. அருகில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு சிறிய கல்வெட்டு. ஏறத்தாழ 1700 ஆண்டு பழமையானது என்று கணிக்கிறார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான். அகழூர் என்ற பெயர் அதில் வருகிறது. பக்கத்திலிருக்கும் இன்றைய அகலூர். ஒருவர் ஏவ, மோசி என்பவர் இந்த இருக்கையைச் செய்தார் என்பது அதன் சாரம்.

ஏவியவர் பெயரும் இருக்கிறது, செய்தவர் பெயரும் இருக்கிறது. ஒரே வாக்கியத்தில். இது எவ்வளவு அபூர்வம் என்பது அந்த வட்டாரத்திலேயே தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால் மன்னர்கள், நாயக்கர்கள், சுல்தான்கள், மராத்தியர்கள் என்று வரிசையாகச் சொல்வோம். அதில் ஒரு கல்தச்சரின் பெயர் நம் நாக்கில் வராது.

பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்தில் இதற்குப் பெயர் படித்திருப்பீர்கள். இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா. 'தச்சன் நாற்காலி செய்தான்' என்றால் தச்சன் தன் கையால் செய்தவன்; இயற்றுதற் கருத்தா. 'கரிகாலன் கல்லணையைக் கட்டினான்' என்றால் கரிகாலன் கல் சுமக்கவில்லை, கட்டச் சொன்னான், ஏவுதற் கருத்தா. இரண்டு மார்க் கேள்வியாகக் கடந்து வந்துவிட்ட இந்தப் பாகுபாட்டில் ஒரு முழு அறவியல் இருப்பதாக இப்போது தோன்றுகிறது. நல்லது நடந்தால் நாம் எழுவாயாகப் போடுவது ஏவியவரை. கெட்டது நடந்தால் செய்தவரை. கல்லணை நின்றதால் அதைக் கட்டியவன் கரிகாலன். இடிந்து விழுந்திருந்தால் ஏதோ ஒரு கொத்தன் சரியாகக் கட்டவில்லை என்று எழுதியிருப்போம்.

டிராக்டர் அந்தப் பட்டம் முழுக்க நன்றாக ஓடியிருந்தால், 'இந்த வருஷம் நான் எண்பது ஏக்கர் சேடை ஓட்டினேன்' என்று வண்டிக்காரர்தான் சொல்லியிருப்பார். பையன் அந்த வாக்கியத்தில் இருந்திருக்கமாட்டான். எடுக்காத அன்று மட்டும் வாக்கியத்துக்கு எழுவாயாக அவனை அழைத்து உட்காரவைத்தார்கள்.

எனக்கு வேண்டியிருப்பது எழுவாய் இல்லாத வாக்கியம் அல்ல. மோசியின் கல்வெட்டைப்போல இரண்டு கருத்தாக்களும் உள்ள வாக்கியம். வெற்றிக்கும் அதே இலக்கணம், தோல்விக்கும் அதே இலக்கணம்.

6

சொல்வது சுலபம். இழுக்கும் பக்கம் நோக்கி விரல் நீட்டுவதற்கு என்ன விலை என்பது எரிபொருள் விஷயத்திலேயே நமக்குத் தெரியும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்ததே, அது டீசலில் கலக்கப்படுவதைக் கண்டுபிடிக்கத்தான். கலப்பட டீசல் ஓர் இஞ்சினைக் கெடுத்தால் நனையும் இடம் டிரைவரின் கையும் மெக்கானிக்கின் பட்டறையும். காற்று நுழைந்த இடம் பங்க். சண்முகம் மஞ்சுநாத் அந்த இடத்துக்குப் போனவர். ஐஐஎம் லக்னோவில் படித்துவிட்டு இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரியாக இருந்தார். உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற பங்க்கின்மேல் நடவடிக்கை எடுத்தார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. பங்க் உரிமையாளரின் மகன் உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனையை 2015இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கீழே கை நீட்டுவதற்குச் செலவு எதுவும் இல்லை. மேலே நீட்டுவதற்கு ஆன செலவு இது. எல்லோரையும் பார்த்து 'நீ ஏன் மேலே கேட்கவில்லை?' என்று நான் சொல்லமாட்டேன். அந்த டிரைவர் பையனைப் பார்த்து நிச்சயம் சொல்லமாட்டேன்.

அப்படியென்றால் கை மேலிருந்து தானாக இறங்கிவர வேண்டும். அதற்கும் நம்மிடம் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளம் பாதையை அரித்திருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பது பேருக்குமேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே ஆண்டு மெகபூப்நகர் விபத்தின்போதே அவர் கொடுத்த ராஜினாமா ஏற்கப்படவில்லை. இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணமல்ல, அரசியல் சட்ட ஒழுங்குக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றுதான் ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் விளக்கினார். தமிழ்நாட்டில் துணை அமைச்சர் ஓ. வி. அழகேசனுக்கு எதிராக அரியலூர் தேர்தல் முழக்கமாகவே ஆனது.

சாஸ்திரியின் ராஜினாமாவால் இறந்த ஒருவரும் திரும்பவில்லை, அது வெறும் அடையாளம்தானே என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்தப் பாலத்தின் தூண்களைச் சோதிப்பது ஓர் அமைச்சரின் ராஜினாமாவைவிட முக்கியமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேரு பிரித்துக் காட்டியதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். காரணமாக இல்லாமலே பொறுப்பாக இருக்க முடியும். காரணம் தேடிக் கண்டுபிடிக்கப்படுவது. பொறுப்பு ஏற்றுக்கொள்ளப்படுவது. 'இதில் என் கை எட்டும் பகுதி எது?' என்று தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்பவர் காலிங்வுட்டின் பட்டியலில் இடம்பெறுகிறார். அமைச்சர் என்ற இடத்தில் இருப்பவரின் கைக்கு நீளம் அதிகம். ஆகவே அவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் கேட்டதற்கு இப்போது என்னால் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. காரணம் தெரிந்தால் குற்றம் கரைந்துவிடாது, இடம் மாறும். அது எங்கே போய்ச் சேரும் என்பது கேள்விகளை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. எதுவரைக்கும் வந்தது என்பது முதலில். அங்கே ஏன் நின்றது என்பது அடுத்து. யார் என்பது கடைசியில், அதையும் இரண்டாகப் பிரித்து: செய்தவர் யார், செய்யும்படியான ஏற்பாட்டில் வைத்தவர் யார். இந்த வரிசையில் போனால் 'யார்' என்று கேட்கும்போது கோபம் சற்றுத் தணிந்திருக்கும், விவரம் கூடியிருக்கும், சந்தேகத்திலிருந்து பலர் விடுதலையாகியிருப்பார்கள். வரிசையைத் தலைகீழாக்கினால் முதல் பதில் கிடைத்த இடத்திலேயே நின்றுவிடுவோம். குற்றவாளி கிடைத்த பிறகு ஹோஸை யார் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்?

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஏதாவது ஒன்று நிச்சயம் எடுக்காமல் நிற்கும். பையனின் மார்க், அம்மாவின் மாத்திரை, ஒரு ரிலீஸ். யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்னால், நடுவில் ஓர் இடத்தில் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதுவரைக்கும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், அதற்கு முன்னால் இருக்கும் எல்லோரிடமும் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விடுதலையானதை அவர்களாகத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.